ஓய்வூதியமும் சிக்கனமும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கூரைக் கொட்டகையில், இரண்டு அரிக்கேன் விளக்குகளோடு தொடங்கிய நம் இரவுப் பள்ளி இன்று இவ்வளவு பெரிய குடும்பமாக வளர்ந்து நிற்பதைக் காண உள்ளம் பூரிக்கின்றது. இந்நன்னாளில் "ஓய்வூதியமும் அரசின் சிக்கன நடவடிக்கைகளும்" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். விழா நாளில் இது வறண்ட பொருளாயிற்றே என்று சிலர் எண்ணக்கூடும். நம் சமுதாயத்தில் கல்வி கற்றவர்கள் எதனை நம்பிக் கற்றார்களோ, அதன் வேரைத் தொடும் பொருள் இது என்பதனால் இப்பணியை மகிழ்வுடன் ஏற்றுக்கொண்டோம்.

முதலில் எம் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல இசைவு தாருங்கள். எம் தந்தையார் ஓர் அரசு மருத்துவமனையில் துப்புரவுப் பணியாளராக இருந்தவர். நாம் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, பணியில் இருக்கும்பொழுதே அவர் காலமானார். வீட்டில் நான்கு பிள்ளைகள். நிலம் இல்லை, நகை இல்லை, கடன் கொடுப்பாரும் இல்லை. அன்று எங்களைத் தெருவில் நிறுத்தாமல் காத்தது மாதந்தோறும் எம் அன்னையார் கைக்கு வந்த குடும்ப ஓய்வூதியம் ஒன்றே. அத்தொகை சிறிது, ஆனால் தவறாது வந்தது. முதல் வாரத்தில் கருவூலத்துக்குச் சென்று திரும்பும் அன்னையார், மளிகைக் கடைப் பாக்கியை அடைத்துவிட்டு, மீதியில் எங்கள் பள்ளிச் செலவை முடிந்துவைப்பார். நாம் பி.ஏ. படித்ததும் பி.எட். படித்ததும் அந்த முடிச்சினால்தான். ஆகவே ஓய்வூதியம் என்பது முதியவர் ஒருவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்து பெறும் பணம் மட்டுமன்று; நம் போன்றோர் வீட்டில் அடுத்த தலைமுறையின் படிப்புச் செலவும் அதுவே.

இனி, இவ்வுரிமை எவ்வாறு வந்தது என்பதனைப் பார்ப்போம். ஆங்கிலேயர் காலத்தில் ஓய்வூதியம் என்பது ஆள்வோர் மனமுவந்து அளிக்கும் கொடையாகக் கருதப்பட்டது. 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் இதுபற்றி உரிமையியல் நீதிமன்றங்களை அணுகும் வழியையே பெரிதும் அடைத்து வைத்திருந்தது. விடுதலைக்குப் பின்னர் நிலை மாறியது. தேவகிநந்தன் பிரசாத் என்பவர் பீகார் அரசின்மீது தொடுத்த வழக்கில், ஓய்வூதியம் கொடையன்று, ஊழியருக்குரிய சொத்துரிமை என்று உச்ச நீதிமன்றம் 1971ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. பின்னர் 1982 டிசம்பர் 17ஆம் நாள் நகரா வழக்கில் அதே நீதிமன்றம் மேலும் விளக்கமாகப் பேசியது. ஊழியர் தம் நல்ல காலத்தையெல்லாம் பணிக்கு ஈந்தமைக்காக ஈட்டிய உரிமை அது. முதுமையில் மானத்தோடு வாழ்வதற்கான சமுதாயப் பாதுகாப்பு அது என்பது அத்தீர்ப்பின் சாரம். அந்நாளே ஓய்வூதியர் நாளாக நாடெங்கும் கொண்டாடப்படுகின்றது.

இந்த உரிமையில் நம் மக்களுக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிருவாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில்தான், 1943ஆம் ஆண்டில், மத்திய அரசுப் பணிகளில் தாழ்த்தப்பட்டோருக்கு 8⅓ விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. 1946இல் அது 12½ விழுக்காடாயிற்று. நம் மாநிலத்தில் 1971ஆம் ஆண்டில் 18 விழுக்காடு என்று ஆயிற்று. 1990இல் பழங்குடியினருக்கெனத் தனியே 1 விழுக்காடும், 2009இல் 18க்குள்ளேயே அருந்ததியருக்கு 3 விழுக்காடும் வகுக்கப்பட்டன. நிலம் நம்மிடம் இல்லை. வணிகம் நம்மிடம் இல்லை. தனியார் நிறுவனங்களில் இட ஒதுக்கீடு இன்றளவும் சட்டமாகவில்லை. ஆதலின் அரசுப் பணியும், அதன் முடிவில் வரும் ஓய்வூதியமுமே நம் சமுதாயம் முதன்முதலாகப் பெற்ற சொத்து என்று சொன்னால் அது மிகையாகாது.

நம் கழகம் பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அந்தச் சொத்தின்மீது கை வைக்கப்பட்டது. 2003 ஏப்ரல் 1ஆம் நாளுக்குப் பின்னர்ப் பணியில் சேர்வோருக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டமே உண்டு என்று தமிழ்நாடு அரசு முடிவு செய்தது. மத்திய அரசு 2004 சனவரி 1ஆம் நாள் முதல் தன் புதிய திட்டத்தைக் கொணர்ந்தது. முப்படையினருக்கு மட்டும் விலக்களித்தது. தென் அமெரிக்காவில் சிலி நாடு 1981ஆம் ஆண்டில் இராணுவ ஆட்சியின்கீழ் ஓய்வூதியத்தைத் தனியார் நிதி நிறுவனங்களிடம் ஒப்படைத்தபோதும், படையினர் மட்டும் பழைய முறையிலேயே இருந்துகொண்டனர். புதிய முறை அத்துணை நலமுடையதாயின், அதனைப் புகுத்தியோர் தம் படைக்கு ஏன் அதனை வேண்டாமென்றனர்? நம் நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஓய்வூதியத்துக்கும் பங்களிப்பு எதுவும் கேட்கப்படவில்லை. 2025 மார்ச்சில் அது மாதம் 25,000 ரூபாயிலிருந்து 31,000 ரூபாயாக உயர்த்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதலே கணக்கிட்டு வழங்கப்பட்டது.

இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பறையில் கரும்பலகையில் எழுதுவதுபோலச் சொல்கின்றோம். ஓர் ஆசிரியர் அடிப்படை ஊதியம் 70,000 ரூபாயில் ஓய்வு பெறுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில், முழுப் பணிக்காலம் முடித்தவருக்கு அதில் பாதி, அதாவது 35,000 ரூபாய் ஓய்வூதியம், அதன்மேல் அகவிலைப்படி, விலைவாசி ஏற ஏற அப்படியும் ஏறும். அவர் மறைந்தால் துணைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பங்களிப்பு முறையில், ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் 10 விழுக்காடு மாதந்தோறும் பிடிக்கப்படும், அரசும் அதே அளவு சேர்க்கும், வட்டியும் சேரும். ஓய்வு பெறும் நாளில் அம்மொத்தத் தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவர். அத்தொகை 25 இலட்சம் ரூபாய் என்றும், அதனை ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டிக்கு வைப்பு வைத்தார் என்றும் கொள்வோம். ஆண்டுக்கு 1,75,000 ரூபாய். மாதத்துக்கு 14,583 ரூபாய். அது பத்தாண்டு கழித்தும் அதே 14,583 ரூபாய்தான். மகள் திருமணத்துக்கோ, மருத்துவச் செலவுக்கோ முதலில் கை வைத்துவிட்டால் அதுவும் குறைந்துபோகும்.

எம் பள்ளியின் ஆசிரியர் அறையில் இரண்டு சட்டங்கள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கின்றன. நாம் 1996ஆம் ஆண்டில் பணியில் சேர்ந்தோம். ஆதலின் பழைய ஓய்வூதியம் நமக்கு உண்டு. நம் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் 2005இல் சேர்ந்தவர். நம் சமுதாயத்து இளைஞர். குடும்பத்தில் முதற் பட்டதாரி. அதே பாடம், அதே மாணவர், அதே வருகைப் பதிவேடு. 2019ஆம் ஆண்டில் மாரடைப்பால் அவர் இறந்தார். அவர்தம் துணைவியார்க்குச் சேமிப்புத் தொகை வந்து சேரப் பல மாதங்கள் ஆயின. அதன் பெரும்பகுதி வீட்டுக் கடனுக்குப் போயிற்று. மாதந்தோறும் வரும் பணம் என்று ஒன்று அவ்வீட்டில் இல்லாமற் போயிற்று. அவ்வம்மையார் தாலுகா அலுவலக வாயிலில் நின்றதைக் கண்டபோது எமக்கு எம் அன்னையாரின் நினைவு வந்தது. எம் அன்னையார்க்குத் துப்புரவுப் பணியாளரின் மனைவி என்பதால் கிடைத்த பாதுகாப்பு, ஓர் ஆசிரியரின் மனைவிக்குக் கிடைக்கவில்லை. ஒரு தலைமுறைக்குள் நாம் படிப்பில் ஏறினோம், பாதுகாப்பில் இறங்கினோம்.

அரசின் தரப்பு வாதத்தையும் நேர்மையோடு கேட்கவேண்டும். ஊதியமும் ஓய்வூதியமும் வட்டியும் போக, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சாலைக்கும் மிஞ்சுவது குறைவு என்கின்றனர். மக்கள் முன்னினும் நெடுங்காலம் வாழ்வதால் ஓய்வூதியச் சுமை ஏறுகின்றது என்கின்றனர். இவை பொய்யல்ல. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மாநிலத்தின் கடனைப் பங்கிட்டால் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் சுமை உள்ளது என்று கணக்குக் காட்டியது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. அரசுப் பணம் மக்கள் பணம். அதனை அளந்தே செலவிடவேண்டும் என்பதில் எமக்கு இருவேறு கருத்தில்லை.

ஆனால் அதே வெள்ளை அறிக்கை இன்னொன்றையும் காட்டியது. மாநிலத்தின் சொந்த வரி வருவாய், ஒரு காலத்தில் மாநில உற்பத்தியில் 8 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது, 2020–21இல் 6 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. அதாவது, செலவு மட்டும் ஏறவில்லை, வரவும் இறங்கியது. வீட்டில் வரவு குறைந்தால் குடும்பத் தலைவர் என்ன செய்யவேண்டும்? வரவேண்டிய பாக்கியை முதலில் வசூலிக்கவேண்டும். அதை விடுத்து, பாட்டியின் மருந்தை நிறுத்துவதைச் சிக்கனம் என்று யாரும் சொல்லமாட்டார். மத்திய அரசு 2019 செப்டம்பரில் நிறுமங்களின் அடிப்படை வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைத்தது. அதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே அறிவித்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 2020 ஏப்ரலில், கொரோனாவைக் காரணம் காட்டி ஊழியர், ஓய்வூதியர் அனைவர்க்கும் அகவிலைப்படி உயர்வை ஒன்றரை ஆண்டுக் காலத்துக்கு நிறுத்திவைத்தது. தமிழ்நாடு அரசும் அவ்வழியே சென்றது. யாருக்குக் கதவைத் திறப்பது, யாருக்குச் சாத்துவது என்பது கணக்கன் முடிவு செய்வதன்று. ஆட்சியில் இருப்போர் முடிவு செய்வது. ஆகவே சிக்கனம் என்பது வெறும் கணக்கன்று; அது அரசியல்.

அந்த அரசியலைத் தமிழகம் 2003 சூலையில் கண்கூடாகக் கண்டது. ஓய்வூதியப் பயன்களும் பிற சலுகைகளும் குறைக்கப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியரும் ஆசிரியரும் சூலை 2ஆம் நாள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து ஏறத்தாழ 1,70,000 பேரைப் பணிநீக்கம் செய்தது. 2003 ஆகஸ்டு 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மிக உரிமையோ இல்லை என்று கூறிற்று. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்த பின்னரே பெரும்பாலோர் திரும்பப் பணியில் அமர்ந்தனர்.

அன்று எம்மை மிகவும் வருத்தியது அரசின் ஆணையன்று. எம் ஊர்த் தேநீர்க் கடையில் எம் உறவினர் ஒருவரே, "மாசாமாசம் சம்பளம் வாங்குறவங்களுக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்" என்று சொன்னதுதான். அன்று சினம் வந்தது. இன்று எண்ணிப் பார்க்கும்போது அவர் சொல்லில் ஒரு நியாயம் இருந்ததை ஒப்புக்கொள்கின்றோம். அவர் வயலில் கூலி வேலை செய்தவர். முதியோர் உதவித்தொகைக்கு அவர் அலைந்தபோது நாம் ஒரு மனுக்கூட எழுதிக் கொடுக்கவில்லை. அவருக்கு நாம் துணை நிற்கவில்லை. ஆதலின் நமக்கு அவர் துணை நிற்கவில்லை.

இன்றும் நம் இளைஞர்கள் கேட்கின்றனர்: "ஐயா, எங்களுக்கு வேலையே இல்லை, ஆசிரியர் ஓய்வூதியத்துக்காக நாங்கள் ஏன் கவலைப்படவேண்டும்?" நியாயமான வினா. இதற்கு விடை சொல்லாமல் இவ்வுரையை முடிப்பது முறையாகாது.

ஓய்வூதியத்தைக் குறைத்த அதே கைதான் பணியிடங்களையும் குறைக்கின்றது என்பது முதல் விடை. நிலையான பணியாளரை அமர்த்தினால் பின்னாளில் ஓய்வூதியம் தரவேண்டுமே என்னும் எண்ணத்தால், பணியை ஒப்பந்ததாரரிடம் விடுகின்றனர். ஒப்பந்ததாரரிடம் சென்ற பணியில் இட ஒதுக்கீடு இல்லை. அதாவது நம் 18 விழுக்காடு ஏட்டில் அப்படியே இருக்கும். எதிலே 18 விழுக்காடு என்று கேட்டால் விடை இராது. 2025 ஆகஸ்டு 1ஆம் நாள் முதல் சென்னையில் ரிப்பன் மாளிகையின் முன் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் அமர்ந்திருந்தது எதற்காக? அப்பணியைத் தனியாரிடம் விடலாகாது, தங்களை நிலையாக்கவேண்டும் என்பதற்காக. அவர்களிற் பெரும்பாலோர் நம் தாய்மார்கள், நம் சகோதரிகள். பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் காவல்துறையினர் அவர்களை அப்புறப்படுத்தினர். நகரம் குப்பையின்றி இருக்கவேண்டும். ஆனால் குப்பை எடுப்பவளுக்கு முதுமையில் கஞ்சி வேண்டாம் என்பது என்ன சிக்கனம்?

இரண்டாவது விடை: ஓய்வூதியம் ஆசிரியருக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023ஆம் ஆண்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரையுள்ள ஏழை முதியவருக்கு மத்திய அரசு தன் பங்காக நிர்ணயித்த தொகையோ மாதம் 200 ரூபாய்தான். தொழிலாளர் வைப்புநிதியின் ஓய்வூதியத்தில் 2014ஆம் ஆண்டு வகுத்த குறைந்த அளவு 1,000 ரூபாய். இருப்பவனிடமிருந்து பறித்தால் இல்லாதவனுக்குக் கொடுப்பார்கள் என்று நம்பி இருபது ஆண்டுகள் பார்த்துவிட்டோம். பறித்தது நடந்தது, கொடுத்தது நடக்கவில்லை. உழைத்தவர் எவராயினும் அவர் முதுமைக்கு அரசு பொறுப்பு என்னும் கொள்கை நின்றால் இருவரும் நிற்போம். அது வீழ்ந்தால் இருவரும் வீழ்வோம்.

முயற்சி வீண்போகாது என்பதற்கும் சான்று உண்டு. 2022இல் இராசஸ்தான், சத்தீசுகர், சார்க்கண்டு, பஞ்சாப் ஆகிய மாநிலங்களும், 2023இல் இமாசலப் பிரதேசமும் பழைய முறைக்குத் திரும்ப முடிவு செய்தன. மத்திய அரசு 2025 ஏப்ரல் 1 முதல் கொணர்ந்த ஒருங்கிணைந்த திட்டத்தில், 25 ஆண்டு பணி செய்தவருக்குக் கடைசி ஓராண்டுச் சராசரி அடிப்படை ஊதியத்தில் பாதி உறுதி செய்யப்பட்டது. தமிழ்நாடு அரசும் 2026 சனவரியில், ஊழியர் 10 விழுக்காடு செலுத்த, கடைசி ஊதியத்தில் பாதியை உறுதி செய்யும் ஒரு திட்டத்தை அறிவித்தது. ஏறத்தாழ 23 ஆண்டுகள் ஊழியர் விடாது கேட்டதன் பயன் இது. எனினும் பங்களிப்பு இன்றிப் பெற்ற உரிமைக்கு இது முழு ஈடாகாது. ஒப்பந்தப் பணியாளருக்கும் தொகுப்பூதியத்தில் இருப்போருக்கும் இதில் என்ன வழி என்னும் வினாவையும் நாம் கைவிடலாகாது.

இளைஞர்களே! நாம் செய்யத்தக்கன சிலவற்றைச் சொல்லி முடிக்க விரும்புகின்றோம். அரசுப் பணியில் இருப்போர் தம் கணக்குச் சீட்டை ஆண்டுதோறும் சரிபார்த்து, வாரிசு நியமனத்தை முறையாகப் பதிவு செய்யுங்கள். இறந்த எம் நண்பரின் வீட்டில் அலைச்சலைப் பெருக்கியது அந்த ஒரு தாள் இல்லாமையே. ஒப்பந்தத்தில் பணி செய்வோர், ஊதியத்தில் பிடித்த வைப்புநிதி உண்மையில் கட்டப்படுகின்றதா என்று பாருங்கள். பத்தாண்டுப் பங்களிப்பு நிறைந்தால்தான் அதில் ஓய்வூதியம் உண்டு. சங்கத்தில் சேருங்கள், சேர்ந்தபின் உம் அலுவலகத்தைக் கூட்டும் அம்மையாரின் கோரிக்கையையும் உம் கோரிக்கைப் பட்டியலில் எழுதுங்கள். காலிப் பணியிடங்கள் எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேளுங்கள்.

நம் கழகத்துக்கும் ஒரு வேண்டுகோள். இவ்வெள்ளி விழாவின் நினைவாக, ஞாயிறுதோறும் காலையில் நம் பள்ளிக் கூடத்தில் ஒரு மேசை போடுவோம். முதியோர் உதவித்தொகை, கைம்பெண் உதவித்தொகை, வைப்புநிதி, குடும்ப ஓய்வூதியம் இவற்றுக்கான விண்ணப்பங்களை எழுதிக் கொடுப்போம். அம்மேசையில் முதல் நாற்காலியில் அமர நாம் ஆயத்தமாக உள்ளோம். அன்று தேநீர்க் கடையில் எம் உறவினர் சொன்ன சொல்லுக்கு எம்மால் ஆன மறுமொழி அதுதான். அவர் இன்று இல்லை. அவர்தம் மனைவியார் இருக்கின்றார். முதல் விண்ணப்பம் அவருடையதாக இருக்கட்டும்.